குரல் வராத விமானமும் இரண்டு லயங்களும்

சிறு விமானங்களின் ரேடியோவைப் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மீட்டரை எங்கே வைப்பது, எந்த வயரை முதலில் அசைத்துப் பார்ப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்கள் கொட்டகையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் எழுதப் போவது ஒரு நாள் காலையில் நடந்ததை மட்டும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு விமானம் அன்று மலைக்கு மேலே ஊமையாகிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. முப்பது வருட அனுபவம் இருந்தும் செய்த பிழைகள் என்பதால், அவற்றை ஆரம்பத்து அறியாமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இலங்கையின் ஊவா மலைகளில் பத்து நாட்களாக விடாத மழை. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருப்பதாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சொன்னார்கள். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஏறிப் பார்க்கப் போனவர்கள் பாதி வழியில் முழங்கால் சேற்றில் திரும்பிவிட்டார்கள். டிரோன் அனுப்பினார்கள். காற்று அதைத் தேயிலைச் செடிகளுக்குள் தள்ளிவிட்டது. கடைசியில், மண்சரிவு ஆய்வுக்கு வந்திருந்த ஃபாஸில் என்ற அதிகாரி, ஒரு சிறு விமானத்தில் போய்த் தானே மேலிருந்து பார்க்கிறேன் என்றார். பதுளைக்காரர், சின்ன வயது, பேச்சில் அவசரம் இல்லாதவர்.

அந்த விமானம் எங்கள் நிறுவனத்துடையது. நான்கு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் விமானம். தெற்கே சமவெளியில் உள்ள ஓடுதளத்தில் நின்றது. ஓட்டுபவர் கப்டன் டில்ருக்‌ஷி. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெண். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

தோட்டத்தில் தொலைபேசிக் கோபுரம் விழுந்திருந்தது. மேலே ஃபாஸில் பார்ப்பதைக் கீழே இருப்பவர்களுக்கு உடனே சொல்ல வேண்டுமானால், விமானத்தோடு பேசக்கூடிய ஒரு ரேடியோவும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் தோட்டத்தில் இருக்க வேண்டும். நான் மடுல்சீமைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து வளர்ந்தவன். அந்த மக்களின் பேச்சு என் பேச்சு. அதனால் என்னைப் போகச் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முன் கப்டன் என்னைக் கூப்பிட்டு, “முன் கண்ணாடி மூலையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. நேற்றுப் பேசும்போது கரகரவென்றிருந்தது” என்றார். நான் போய்ப் பார்த்தேன். ரேடியோக்கள் இருக்கும் பலகைக்குப் பின்னால் ஈரம். துடைத்தேன், காற்றடித்துக் காய வைத்தேன், கண்ணாடி ஓரத்தை அடைத்தேன். பேசிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. பலகையைக் கழற்றி உள்ளே இருக்கும் இணைப்புகளைப் பார்த்திருக்க வேண்டும். அது அரை நாள் வேலை. எனக்கான ஜீப் வெளியே நின்றுகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். தோட்டத்துக்குக் கொண்டுபோக எங்களிடம் இருந்த கைரேடியோவை அதற்கு முந்தைய நாள்தான் வேறொரு குழு எடுத்துப் போயிருந்தது. விமானத்தின் கதவுப் பையில் ஒன்று இருந்தது. அவசரத்துக்கு என்று அதற்குள்ளேயே எப்போதும் இருக்க வேண்டிய கைரேடியோ. “இதை நான் எடுத்துப் போகிறேன். மேலேதான் இரண்டு ரேடியோ இருக்கிறதே” என்றேன். கப்டன் ஒரு கணம் யோசித்து, சரி என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில் நின்றேன். மழை விட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் சின்ன தொர. உதவி முகாமையாளரைத் தோட்டத்தில் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் தமிழர்தான், பதுளையில் படித்தவர். நான்கு நாட்களாகச் சரியாகத் தூங்காத முகம். எங்களுக்கு எதிரே சரிவில் பதினொரு வீடுகள் கொண்ட மேல் லயம். அதற்கு இருநூறு அடி கீழே, சற்று விலகி, கீழ் லயம். இரண்டிலும் ஆட்கள் இருந்தார்கள். சிலர் மைதானத்துக்கு வந்து என் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விமானம் தெற்கேயிருந்து வந்தது. கப்டனின் குரல் தெளிவாகக் கேட்டது. மலையை ஒருமுறை சுற்றினார். பிறகு ஃபாஸில் தமிழில் பேசினார்.

“அந்தோனி அண்ணே, வெடிப்பு தெரியுது. நாங்க நெனச்சத விட நீளம். அது எங்க போகுதுன்னா…”

அதோடு நின்றுவிட்டது.

நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் குரல் நின்றதே தவிர அலை நிற்கவில்லை. மலைப் பள்ளத்தில் மெல்லிய சத்தம் தவறிவிடக் கூடாது என்று என் கைரேடியோவில் இரைச்சலை அடக்காமல் திறந்தே வைத்திருந்தேன். யாரும் பேசாதபோது அது ‘உஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒருவர் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் அந்த உஸ் அடங்கிவிடும். இப்போது உஸ் அடங்கியிருந்தது. ஆனால் பேச்சு இல்லை. சில விநாடி கழித்து உஸ் திரும்ப வந்தது. பிறகு மறுபடி அடங்கியது. யாரோ வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார், அவர் பொத்தான் மட்டும் வந்து சேர்கிறது, குரல் வரவில்லை.

“நான் பேசுவது கேட்டால் பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள்” என்றேன் ஆங்கிலத்தில்.

உஸ் இரண்டு முறை அறுந்தது. கேட்கிறது.

இரண்டாவது ரேடியோவுக்கு மாற்றச் சொன்னேன். அதே கதை. ஃபாஸில் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டில், அவர் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பேசச் சொன்னேன். அதிலும் குரல் இல்லை. இரண்டு ரேடியோவிலும் இரண்டு ஹெட்செட்டிலும் ஒரே கோளாறு என்றால், பழுது அவற்றில் இல்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. எந்தக் குரலும் எந்த ரேடியோவுக்குப் போனாலும் அந்தப் பலகையில் ஒரே பெட்டி வழியாகத்தான் போகும். நான் முந்தைய நாள் துடைத்துவிட்டு வந்த ஈரம் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தது.

மேலே இரண்டு ரேடியோ இருக்கிறதே என்று சொன்னேன் அல்லவா. குரல் போகிற வழி ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே சொன்னேன். இப்போது அந்தப் பலகையோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரே ரேடியோ என் கையில் இருந்தது. அது அங்கே மேலே கதவுப் பையில் இருந்திருந்தால், ஃபாஸில் அதை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பேசியிருப்பார்.

இதை நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியாது. சின்ன தொர என் தோளைத் தொட்டு, “என்னண்ணே ஆச்சு?” என்றார். அப்போதுதான் நான் கைரேடியோவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது தெரிந்தது.

“பேச்சு வரல. நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குது” என்றேன்.

“சரி பண்ண முடியுமா?”

முடியலாம். இன்னும் மூன்று நான்கு வழிகள் என் தலையில் இருந்தன. அந்த பியூஸை இழுத்துப் போடுங்கள், இந்தச் சுவிட்சை மாற்றிப் பாருங்கள் என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய இழுப்பு. பழுதைக் கண்டால் கை நிற்காது. ஆனால் மூன்று சுற்று ஏற்கெனவே போய்விட்டது. பள்ளத்தாக்கின் அடியில் வெள்ளையாகத் திரண்டிருந்த மேகம் அசைந்து மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அந்தத் தெற்குச் சரிவில் வெயில் பட்டதும் அது அப்படித்தான் ஏறும். விமானம் திரும்பிப் போக வேண்டிய வழியும் அதுதான்.

பழுது பார்ப்பதை அங்கேயே விட்டுவிட்டேன். குரல் இல்லை, பொத்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன கேட்க முடியுமோ அதைக் கேட்போம் என்று முடிவு செய்தேன்.

“ஆம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு தட்டு” என்றேன். “மேல் லயம் ஆபத்தில் இருக்கிறதா?”

விமானம் அப்போது யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும் முகட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. உஸ் ஒருமுறை அறுந்தது.

சின்ன தொர மேல் லயத்தைப் பார்த்து, இறங்கி வரச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். முகட்டுக்குப் பின்னால் போகும்போது அலை தவறும். இரண்டு தட்டில் ஒன்று மலையில் மாட்டிக்கொண்டால் எனக்கு ஒரு தட்டுத்தான் கேட்கும். ‘இல்லை’ என்று அவர்கள் சொன்னது ‘ஆம்’ என்று வந்து சேரும். இதைக் கேள்வி கேட்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் அவர்கள் எனக்கு நேர் மேலே வரும்வரை காத்திருந்து, கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

“மேல் லயம் பாதுகாப்பானதா?”

இரண்டு தட்டு.

முன்பு ஆபத்தா என்றதற்கு ஆம். இப்போது பாதுகாப்பா என்றதற்கு இல்லை. இரண்டும் ஒத்துப்போகின்றன. தட்டு தவறியிருந்தால் இப்படி ஒத்துப்போகாது. “மேல் லயத்தை எறக்குங்க” என்றேன். சின்ன தொர ஆளனுப்பினார். மேல் லயத்தில் ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். சத்தமில்லாமல் வரிசையாக இறங்கி வந்தார்கள்.

“கீழ் லயம் ஆபத்தில் இருக்கிறதா?”

கொஞ்ச நேரம் உஸ் மட்டும் ஓடியது. பிறகு இரண்டு தட்டு. இல்லை.

சின்ன தொர மூச்சு விட்டார். “நல்லது. கீழ் லயம் இருக்கட்டும்ணே. ஸ்கூல்ல ரெண்டே கிளாஸ் ரூம். அதுலயும் ஒண்ணுல பக்கத்து டிவிஷன் ஆளுங்க படுத்திருக்காங்க. இவங்களும் வந்தா நிக்கக்கூட எடமிருக்காது.”

“இருங்க. திருப்பிக் கேக்கணும்” என்றேன்.

“கீழ் லயம் பாதுகாப்பானதா?”

இரண்டு தட்டு.

ஆபத்தில்லை, பாதுகாப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம், எங்கோ ஒரு தட்டு விட்டுப்போயிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது என்பது. கீழ் லயம் ஆபத்தில் இருக்கிறதா என்று மறுபடியும் கேட்டேன். இந்த முறை உஸ் அறுந்தது, திரும்ப வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வரை எண்ணிய பிறகுதான் வந்தது. தட்டாக இல்லாமல் ஒரு நீண்ட அழுத்தம். அப்படி ஒன்றை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அப்போது மேகம் கீழ் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவைத் தொட்டுவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெள்ளைக்கு மேலே விமானம் ஒருமுறை தெரிந்தது. இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கப்டன் போகவில்லை. என் கேள்வி முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் போகச் சொல்லாமல் அவர் போகமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்று தோன்றியது. இதை நான் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் தோன்றும். கீழே பத்தொன்பது குடும்பம். மேலே இரண்டே பேர். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். வாய் திறந்து கேட்கப் பொத்தானில் விரலை வைத்தேன். ஆனால் மேலே இருக்கும் இரண்டு பேர் மூன்று நிமிடம் கழித்து எந்த வழியாக வெளியே போவார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஒன்றை வைத்து இன்னொன்றுக்குப் பதில் வாங்கக் கூடாது.

“கேள்வி முடிந்தது. இப்போதே கிளம்புங்கள். ரேடியோ செயலிழந்தது என்று ராடாரில் காட்டும் எண்ணைப் போடுங்கள். இறங்கலாம் என்று ஓடுதளக் கோபுரத்தில் பச்சை விளக்குக் காட்டுவார்கள்” என்றேன்.

இரண்டு தட்டு. ‘கேட்கிறது’ என்றதற்கு முதலில் சொல்லிக் கொடுத்த அதே இரண்டு தட்டு. எஞ்சின் சத்தம் தெற்கே தேய்ந்தது.

இனி என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் சின்ன தொரவுக்குத்தான் இருந்தது. ஆனால் கைரேடியோ என்னிடம் இருந்ததால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“ரெண்டு தடவ ‘ஆபத்து இல்ல’ன்னுதான வந்துச்சு?” என்றார் சின்ன தொர.

“ஒரு தடவதான். பாதுகாப்பான்னு கேட்டதுக்கும் இல்லன்னு வந்துச்சு. கடைசியா வந்தது எனக்குப் புரியல.”

“அப்ப என்னன்னு எடுத்துக்கிறது?”

“ஒண்ணும் வரலன்னு எடுத்துக்கணும். கீழ் லயத்தப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். கோபப்படவில்லை. “தெரியாதுன்னு சொல்லி எப்படிண்ணே ஆளுங்களக் கூப்பிடறது?” என்றார்.

அதற்குள் ஒரு பெண் முன்னால் வந்தாள். புஷ்பராணி என்று பெயர். கீழ் லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிக்கிறவள், அந்த லயத்துப் பெண்கள் அவள் சொல்லைக் கேட்பார்கள் என்று சின்ன தொர பிறகு சொன்னார்.

“அண்ணே, பத்து நாளைக்குள்ள எங்கள ரெண்டு தடவ ஏத்தி எறக்கிட்டாங்க. ஒண்ணும் நடக்கல. எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் வெளங்காது. ஒவ்வொரு தடவயும் நாற்காலியில வச்சுக் கட்டித் தூக்கிட்டுப் போறோம். இப்ப நாங்க வரணுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க.”

“எனக்குத் தெரியலம்மா.”

“தெரியலன்னா?”

“மேல இருந்து வந்த பதில் எனக்குப் புரியல. பயமில்லன்னு அவங்க சொல்லல. அதுனாலதான் வாங்கன்னு சொல்றேன். வந்து, ஒண்ணும் நடக்கலன்னா என்னைத் திட்டுங்க.”

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். “ரெண்டு தடவயும் வந்தவங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் பேசுனாங்க” என்றாள். பிறகு திரும்பிக் கீழ் லயத்தை நோக்கி நடந்தாள். சின்ன தொர பாடசாலைச் சாவி வைத்திருந்தவரைக் கூப்பிட்டு, அதிபரின் அறையையும் திறக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் கீழ் லயம் காலியானது. புஷ்பராணியின் அப்பாவை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பாடசாலைக்கு ஏறும் கல்படியில், கான் எனப்படும் வடிகாலின் தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில், பின்னால் பிடித்திருந்த மருதமுத்து என்பவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலியை விடாமல் இருந்ததால் பெரியவரின் பாரமும் சேர்ந்து அவருடைய வலது கால்மேல் விழுந்தது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மருதமுத்துவின் கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கத்தியால் தறித்துக்கொண்டு, நாள் முழுக்கச் சரிவில் நிற்கிற வேலை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. மைதானத்தில் என்னைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் மலை இறங்கியது. லாரி நிறையக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம், பிறகு நீண்ட நேரம் மரங்கள் முறியும் சத்தம். மேல் லயத்தில் பதினொன்றில் ஏழு வீடுகள் போயின. அவற்றில் யாரும் இல்லை. மண் அங்கிருந்து கீழே வந்து, கீழ் லயத்துக்கு மேலே உள்ள தேயிலையில் நின்றது. லயத்துச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் எட்டு வரிசைச் செடிகள் மிச்சம் இருந்தன. நான் போய் எண்ணிப் பார்த்தேன். கீழ் லயத்தில் ஆட்கள் இருந்திருந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஓடுதளத்துக்குத் திரும்பிப் போனபோது கப்டனும் ஃபாஸிலும் அங்கே இருந்தார்கள். அன்று அவர்கள் பத்திரமாக இறங்கியிருந்தார்கள். கோபுரத்தில் பச்சை விளக்கு வந்தது என்று கப்டன் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். விமானத்தின் குறிப்பேட்டை மேசைமேல் திறந்து வைத்தார்.

“கோளாறை நான் எழுதிவிட்டேன். கைரேடியோ உள்ளே இல்லை என்பதை எழுதவில்லை. அதை எடுத்தவர் நீங்கள். நீங்கள்தான் எழுத வேண்டும்.”

பேனாவை வாங்கினேன். இரண்டே வரி. எழுதி முடிக்க நேரம் ஆனது. அவர் அதைப் படித்துவிட்டு, அதன் கீழே, எடுத்துப் போகத் தானும் சம்மதித்ததாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் பலகையைக் கழற்றினேன். அந்தப் பெட்டியின் பின் இணைப்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஒரு நாளில் பூப்பது அல்ல. நான் முதலிலேயே கழற்றியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

வேலை செய்துகொண்டே, கீழ் லயத்தைப் பற்றி மனதில் இருந்ததைக் கேட்டேன். “கடைசிச் சுற்றில் தட்டு தவறிவிட்டதா?”

“தவறல அண்ணே” என்றார் ஃபாஸில். “வெடிப்பு மேல் லயத்துக்குப் பின்னால தெளிவாத் தெரிஞ்சுது. அங்கிருந்து கீழ்ப்பக்கம் திரும்புது. அதுக்கு மேல மேகம் மூடிருச்சு. எங்க போய் முடியுதுன்னு எங்களுக்குத் தெரியல. ஆபத்தான்னு கேட்டீங்க. ஆமான்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. பாதுகாப்பான்னு கேட்டீங்க. அதுக்கும் ஆமான்னு எப்படிச் சொல்றது?”

“அந்த நீளமான அழுத்தம்?”

கப்டன் சொன்னார்: “தெரியாது என்பதற்கு நீங்கள் ஒரு சத்தமும் வைக்கவில்லை. அதனால் நான் விரலை எடுக்காமல் பிடித்தேன். உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்.”

எனக்குப் புரியவில்லை. தட்டு மலையில் தவறுவதைப் பற்றி யோசித்தேன், கேள்வியைத் திருப்பிப் போட யோசித்தேன். மேலே இருக்கும் மனிதர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்று மட்டும் யோசிக்கவில்லை. விமானத்தில் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தட்டு வைக்கும்போதே, தெரியாது என்பதற்கும் ஒன்று வையுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருதமுத்து கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கொண்டுபோன பழத்தை வாங்கி ஜன்னலோரம் வைத்தார்.

“கம்பி வச்சிருக்காங்க. மலைக்குப் போக முடியாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. இஸ்டோர்ல ஏதாவது லேசான வேல தர்றேன்னு சின்ன தொர சொல்லியிருக்காரு” என்றார். தோட்டத்தில் தேயிலை ஆலையை இஸ்டோர் என்பார்கள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விமானத்தில் இருந்த பழுது நான் பார்க்காமல் விட்டது, மேலே இருக்க வேண்டிய ரேடியோவை நான் கீழே கொண்டுவந்தது, அவை இரண்டும் இல்லையென்றால் அன்று அவர்களுக்கு முழுப் பதிலும் கிடைத்திருக்கும் என்பது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“முழுப் பதில்னா என்னன்னு வந்திருக்கும்?”

“கீழ் லயத்தப் பத்தி எங்களுக்குத் தெரியலன்னு வந்திருக்கும்.”

“நீங்களும் அன்னைக்கு அதத்தான சொன்னீங்க. புஷ்பராணிகிட்ட நீங்க சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.”

“ஆமாங்க.”

“அப்ப பேச்சு வந்திருந்தாலும் நான் நாற்காலிய தூக்கித்தான் இருப்பேன்.” அவர் தன் காலைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“தெரியலன்னு சொல்லிக் கூப்பிட்டது சரிங்க. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நீங்களும் தொரயும் ஒரு மணி நேரம் அந்த மைதானத்துல நின்னுக்கிட்டு ஆகாசத்தயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கான் தண்ணி அந்தப் படியில பத்து நாளா ஓடுது. ரெண்டு பேர அனுப்பித் தண்ணிய வெட்டி விடச் சொல்லியிருந்தா அரமணி நேரத்து வேல.”

நான் கட்டிலோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அடுத்த தடவ ஆளுங்களக் கூப்பிடறதுக்கு முன்ன, அவங்க வர்ற வழிய ஒரு தடவ நடந்து பாத்துருங்க” என்றார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.